மயக்க மருந்துக்கு அஞ்சிய குடும்பமும் உயிர் காத்த பன்றிகளும்

ஆபரேஷன் என்றால் யாருக்கும் கொஞ்சம் பயம் இருக்கத்தான் செய்யும். கத்தியை நினைத்துப் பயம், வலியை நினைத்துப் பயம், செலவை நினைத்துப் பயம். ஆனால், 1960-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகர மருத்துவமனைக்குக் கால் எலும்பு முறிந்து வந்து சேர்ந்த 21 வயது மாணவர் ஒருவருக்கு இவை எதுவும் பெரிதாகப் படவில்லை. முறிந்த காலைவிட மயக்க மருந்தை எண்ணியே அவர் அதிகம் கலங்கினார்.

காரணம் இருந்தது. அவருடைய உறவினர்களில் 10 பேர் அதுவரை மயக்க மருந்தினால் இறந்திருந்தார்கள். அந்தக் காலத்தில் ஈதர் கொடுத்துத்தான் மயக்குவார்கள். பெரிய வியாதி ஏதும் இல்லாதவர்கள் ஆபரேஷன் மேஜையில் படுத்தார்கள், பிறகு எழுந்திருக்கவேயில்லை.

வழக்கமாக இம்மாதிரிப் பேச்சை டாக்டர்கள் "வீண் பயம்" என்று ஒதுக்கிவிடுவது உண்டு. இந்த மாணவரின் அதிர்ஷ்டம், அவர் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்கிறவர்கள் அங்கே இருந்தார்கள். ஈதரைத் தவிர்த்து, அப்போது புதிதாக வந்திருந்த ஹாலோதேன் என்ற மயக்க மருந்தைக் கொடுத்தார்கள். சில நிமிடங்கள்தான் ஆகியிருக்கும். ரத்த அழுத்தம் விழுந்தது. நாடி தறிகெட்டு ஓடியது. உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. உடனே மருந்தை நிறுத்தி, பனிக்கட்டியை வைத்து உடம்பைக் குளிரச் செய்தார்கள். மாணவர் பிழைத்தார்.

டென்பரோ, லவல் என்ற இரு டாக்டர்கள் இந்த விவரத்தை அதே ஆண்டில் "லான்செட்" என்ற புகழ்பெற்ற மருத்துவப் பத்திரிகைக்குக் கடிதமாக எழுதினார்கள். டென்பரோ அத்துடன் நிற்கவில்லை. அந்தக் குடும்பத்தின் வம்சாவளியைத் தேடித் துருவினார். இது தற்செயலாக நேர்ந்த சாவுகளின் வரிசை அல்ல. பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்கும் பரம்பரைக் கோளாறு என்பது தெரியவந்தது. தாய் தந்தையரில் ஒருவரிடம் இருந்தாலே போதும். ஒவ்வொரு குழந்தைக்கும் அது வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு.

இதற்கு டாக்டர்கள் வைத்த பெயர் "மாலிக்னன்ட் ஹைபர்தெர்மியா". கொடிய உடற்கொதிப்பு என்று சொல்லலாம்.

சோதிப்பது யாரை?

வியாதிக்குப் பெயர் கிடைத்தது. மருந்து? அங்கேதான் முட்டுக்கட்டை. இந்தக் கோளாறு உள்ளவர் சாதாரண நாட்களில் நம்மைப் போலவே நடமாடுவார். உண்பார், உறங்குவார், உழைப்பார். மயக்க மருந்து உடம்பில் ஏறினால்தான் கோளாறு தலைகாட்டும். தலைகாட்டினால் பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் அந்நாளில் மாண்டுபோனார்கள்.

அப்படியானால் ஆராய்ச்சி செய்வது எப்படி? ஒரு மனிதனை வேண்டுமென்றே மயக்கி, சாவின் வாசலில் நிறுத்தி, இந்த மருந்து கேட்கிறதா, அந்த மருந்து கேட்கிறதா என்று பார்க்க முடியுமா? ஆராய்ச்சிக் கூடங்களில் வளரும் எலிகளிடமும் இந்த வியாதி தென்படவில்லை.

விடை இருந்தது ஆராய்ச்சிக் கூடத்தில் அல்ல, பன்றிப் பண்ணையில்!

பண்ணைக்காரர்களின் தலைவலி

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஜனங்களின் ருசி மாறியது. கொழுப்பு மிகுந்த பன்றி இறைச்சி வேண்டாம், சதைப்பற்றுள்ளதாக வேண்டும் என்றார்கள். பண்ணைக்காரர்களும் தொடை பருத்து, கொழுப்புக் குறைந்த பன்றிகளாகப் பொறுக்கியெடுத்து இனம் பெருக்கினார்கள். லாண்ட்ரேஸ், பெல்ஜியத்தின் பியட்ரேன், அமெரிக்காவின் போலண்ட் சைனா ஆகிய இனங்களில் இந்தப் போக்கு நன்றாகவே தெரிந்தது.

ஆனால் கூடவே ஒரு வில்லங்கமும் வந்து சேர்ந்தது. லாரியில் ஏற்றும்போது சில பன்றிகள் திடீரென்று நடுங்கும். கால்கள் விறைக்கும். மூச்சு வாங்கும். உடம்பு கொதிக்கும். அப்படியே விழுந்து செத்துப்போகும். ஒன்றோடொன்று சண்டை போட்டாலும் இதே கதி; கோடை வெயிலில் கூட்டமாக அடைத்தாலும் இதே கதி. பிழைத்து இறைச்சிக் கூடம் போய்ச் சேர்ந்தவற்றின் இறைச்சியோ வெளுத்து, கொழகொழவென்று, நீர் கசிந்து கிடக்கும். வியாபாரி வாங்க மாட்டான்.

"அதிர்ச்சி தாங்காத பன்றிகள்" என்று இவற்றைச் சொன்னார்கள். பண்ணைக்காரர்களுக்கு இது பணநஷ்டம். அவ்வளவுதான். மெல்போர்ன் மாணவரின் குடும்பத்துக்கும் இந்தப் பன்றிகளுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று யார் நினைத்திருக்க முடியும்?

1966-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் கால்நடை வைத்தியர் ஹாலும் அவருடைய சகாக்களும் ஒரே ஈற்றில் பிறந்த சில பன்றிகளுக்கு, ஆபரேஷனின்போது தசைகளைத் தளர்த்தக் கொடுக்கும் சக்ஸினில்கோலின் என்ற மருந்தைச் செலுத்தினார்கள். தளரவேண்டிய தசைகள் மரக்கட்டையாய் விறைத்தன, உடற்சூடு எகிறியது. 1968-ல் தென் ஆப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் ஹாரிஸன் என்ற மயக்க மருந்து டாக்டரும் அவருடைய குழுவினரும் ஹாலோதேன் கொடுத்த பன்றிகளிடம் இதே கோலத்தைக் கண்டார்கள்.

மனிதனைக் கொல்லும் அதே மருந்துகள், அதே விறைப்பு, அதே கொதிப்பு. இரண்டும் ஒரே வியாதி என்பது விளங்கிவிட்டது. அதிலிருந்து பன்றி, டாக்டர்களின் பாடப் புத்தகமாயிற்று.

தசைக்குள் நடப்பது என்ன?

நாம் கையை மடக்கும்போது தசைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஒவ்வொரு தசை இழைக்குள்ளும் கால்ஷியத்தைச் சேமித்து வைக்கும் நுண்ணிய பைகள் உண்டு. நரம்பின் உத்தரவு வந்ததும் பையின் கதவு திறக்கும், கால்ஷியம் வெளியே வரும், தசை சுருங்கும். வேலை முடிந்ததும் கதவு மூடிக்கொள்ளும், வெளியே வந்த கால்ஷியம் மறுபடி பைக்குள் இறைக்கப்படும், தசை தளரும்.

இந்த வியாதிக்காரர்களிடம் அந்தக் கதவில் கோளாறு. ஹாலோதேன் போன்ற மருந்து பட்டதும் கதவு திறந்தபடியே நின்றுவிடும். கால்ஷியம் கொட்டிக்கொண்டேயிருக்கும். உடம்பிலுள்ள தசைகள் எல்லாம் ஓய்வில்லாமல் சுருங்கும். எரிபொருளும் பிராண வாயுவும் மளமளவென்று செலவாகும். கரியமில வாயுவும் அமிலமும் பெருகும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு டிகிரி சென்டிகிரேடு, சில சமயம் இரண்டு டிகிரி என்று சூடு ஏறும். 43 டிகிரியைத் தாண்டியவர்களும் உண்டு. நமக்குப் பழக்கமான ஜுரக் கணக்கில் அது 109 டிகிரிக்கு மேல்! சிதைந்த தசைகளிலிருந்து கசியும் பொட்டாசியம் இதயத்தை நிறுத்திவிடும். மற்றொரு பொருள் சிறுநீரகத்தை அடைத்துவிடும்.

அந்தக் கதவை மூட ஒரு மருந்து கிடைத்தால்?

டான்ட்ரோலீன் என்ற மருந்து 1967-லேயே தயாரிக்கப்பட்டிருந்தது. பக்கவாதம் முதலியவற்றால் கைகால் இறுகிப்போனவர்களின் தசைகளைத் தளர்த்த அது பயன்பட்டு வந்தது. கேப் டவுனில் ஹாரிஸன் இதைத் தம் பன்றிகளிடம் சோதித்துப் பார்த்தார். ஹாலோதேன் கொடுத்து வியாதியைக் கிளப்பிவிட்டு, டான்ட்ரோலீனை ரத்தத்தில் ஏற்றினார். விறைத்த கால்கள் தளர்ந்தன, சூடு இறங்கியது, செத்துப்போக வேண்டிய பன்றிகள் பிழைத்தன. முன்னதாகவே கொடுத்தால் வியாதி கிளம்பவேயில்லை. 1975-ல் இதை அவர் வெளியிட்டார்.

நான்கே ஆண்டுகள். 1979-ல் ரத்தத்தில் ஏற்றும் டான்ட்ரோலீனுக்கு அமெரிக்க அரசு அனுமதி வழங்கியது. பத்துக்கு ஏழெட்டு என்றிருந்த சாவு, இந்த மருந்து கைவசம் உள்ள மருத்துவமனைகளில் பத்துக்கு ஒன்றைவிடவும் குறைந்தது.

ஒரே ஓர் எழுத்துப் பிசகு

அடுத்த கேள்வி: கதவு ஏன் பழுதாகிறது? கனடாவில் டொரான்டோ நகர விஞ்ஞானி மக்லெனன் தலைமையிலான குழு இதற்கு விடை கண்டது. அந்தக் கதவுக்கு ரையனோடின் ஏற்பி என்று பெயர். தென் அமெரிக்கச் செடி ஒன்றிலிருந்து எடுத்துப் பூச்சி மருந்தாகப் பயன்பட்ட ரையனோடின் என்ற விஷம் இந்தக் கதவில் போய் ஒட்டிக்கொள்வதால் வந்த பெயர். 5000-க்கு மேற்பட்ட அமினோ அமிலங்களை மணிமாலை போலக் கோத்து அமைந்த மிகப் பெரிய புரதம் அது.

வியாதியுள்ள பன்றிகளின் மாலையில் 615-ஆவது மணி மட்டும் மாறியிருந்தது. ஆர்ஜினின் இருக்க வேண்டிய இடத்தில் சிஸ்டீன்! ஜீனில் ஒரே ஓர் எழுத்து பிசகியதன் விளைவு. 1991-ல் இது வெளியாயிற்று. வியாதி கண்ட ஐந்து பன்றி இனங்களிலும் இதே பிசகுதான் இருந்தது. அதே ஆண்டில் மனிதக் குடும்பம் ஒன்றில் தேடினார்கள். மனிதப் புரதத்தில் அதற்குச் சமமான 614-ஆவது இடத்தில் அதே மாற்றம் இருந்தது!

இந்தப் பிசகு ஏன் இவ்வளவு இனங்களில் பரவியது என்பதற்கும் விளக்கம் உண்டு. கதவு லேசாகக் கசிவதால் தசைகள் ஓயாமல் துடிக்கின்றன. கசரத்து செய்கிறவன் உடம்பைப் போலச் சதை திரள்கிறது, கொழுப்புக் கரைகிறது என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். சதைப்பற்றுள்ள பன்றி வேண்டும் என்று பொறுக்கியவர்கள், தெரியாமலே வியாதியையும் சேர்த்துப் பொறுக்கிவிட்டார்கள்.

பன்றி மனிதன் அல்ல

இதைப் படித்ததும், பன்றியிடம் கண்டதெல்லாம் மனிதனுக்கும் பொருந்தும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

பன்றிக்கு இந்த வியாதி முழுமையாக வரவேண்டுமானால் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான ஜீன் வந்திருக்க வேண்டும். மனிதனுக்கோ ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். பன்றிகளிடம் கண்டது ஒரே பிசகு. மனிதக் குடும்பங்களில் அதே ஜீனில் நூற்றுக்கணக்கான வேறுபாடுகள் தென்படுகின்றன. எல்லா வேறுபாடும் ஆபத்தானவையும் அல்ல. 614-ஆவது இடத்து மாற்றம் உள்ள குடும்பங்கள் சிறு பகுதிதான். ஆகவே, பன்றிக்குச் செய்வது போல ஒரே ரத்தப் பரிசோதனையில் மனிதனுக்குத் தீர்ப்புச் சொல்ல முடிவதில்லை. தொடையிலிருந்து சிறு தசைத் துண்டை எடுத்து, ஹாலோதேனிலும் காபியில் உள்ள காபீனிலும் அது எப்படிச் சுருங்குகிறது என்று பார்க்கும் பரிசோதனைதான் இன்னும் முக்கியமாக இருந்து வருகிறது.

பன்றி லாரியில் ஏற்றினாலே விழுந்துவிடுகிறது. மனிதர்களிடம் மயக்க மருந்தில்லாமல் வெறும் வெயிலாலும் உழைப்பாலும் இது வருவது மிக அபூர்வம்.

எங்கே ஒத்துப்போகிறது, எங்கே ஒத்துப்போகவில்லை என்று இரண்டையும் கணக்கில் வைத்ததால்தான் இந்த ஆராய்ச்சி ஜெயித்தது.

பண்ணைக்குத் திரும்பிய பலன்

கடன் ஒரு பக்கமாகவே நின்றுவிடவில்லை. டாக்டர்களிடமிருந்து பண்ணைக்காரர்களுக்கும் பலன் கிடைத்தது. 1974-ல் ஹாலந்து நாட்டு ஆராய்ச்சியாளர்கள் பன்றிக் குட்டிகளைச் சில நிமிடங்கள் ஹாலோதேனை முகரச் செய்து, கால் விறைப்பவற்றை இனப்பெருக்கத்திலிருந்து விலக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். ஆனால் ஒரு பழுதான ஜீனை மட்டும் சுமக்கும் பன்றி இந்தச் சோதனையில் தப்பிவிடும். 1991-க்குப் பிறகு ரத்தத்திலிருந்தே ஜீனைப் பார்க்க முடிந்ததால் அவற்றையும் அடையாளம் காண முடிந்தது. பல பண்ணைகள் இந்த ஜீனை அடியோடு ஒழித்துவிட்டன.

மற்ற கால்நடைகளும்

பன்றி மட்டுமல்ல. பெல்ஜியத்தில் சில கன்றுகளின் தோல் தொட்டாலே கிழிந்தது. தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தைச் செப்பனிடும் நொதி அவற்றிடம் இல்லை என்று 1971-ல் லாபியேர் என்பவரின் குழு கண்டது. அதே குறையுள்ள குழந்தைகள் இருக்கிறார்கள் என்று தெரியவந்தது 1992-ல்தான். இங்கே மாடு முந்திக்கொண்டது. மனிதன் பின்னால் வந்தான்.

பேட்டன் வியாதி என்ற கொடுமை குழந்தைகளின் கண்ணையும் அறிவையும் பறித்து இளம் வயதிலேயே உயிரைக் கொண்டுபோகிறது. நியூசிலாந்தில் சில செம்மறி ஆடுகளுக்கும் இதே ரக வியாதி உண்டு. ஆடுகளின் உடலில் தேங்கும் பொருள் இன்ன புரதம் என்று 1989-ல் கண்டுபிடித்தார்கள். பாதிக்கப்பட்ட பல குழந்தைகளின் உடலிலும் தேங்குவது அதே புரதம்தான்.

நுரையீரலில் சளி கட்டியாகி அடைக்கும் சிஸ்டிக் பைப்ரோஸிஸ் என்ற பரம்பரை வியாதியின் ஜீன் 1989-லேயே தெரிந்துவிட்டது. அந்த ஜீனைச் சிதைத்து எலிகளை உண்டாக்கினார்கள். ஆனால் மனிதனுக்கு வரும் நுரையீரல் கோளாறு எலிக்கு வரவில்லை. 2008-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் அதே ஜீனை மாற்றிய பன்றிகளை உண்டாக்கினார்கள். பிறந்த குழந்தைகளில் சிலருக்கு ஏற்படும் குடல் அடைப்பு அந்தக் குட்டிகளிடம் தென்பட்டது. வளர்ந்தவற்றுக்கு நுரையீரல் கோளாறும் வந்தது.

கால்நடைகளுக்கு இந்தச் சிறப்பு எதனால்? அவற்றின் உறுப்புகள் அளவில் மனித உறுப்புகளை நெருங்கி நிற்கின்றன. எலியைப்போல் இரண்டு மூன்று ஆண்டுகளில் ஆயுள் முடிந்துவிடுவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தக் கிடாவுக்கு எந்தக் குட்டி என்ற வம்சக் கணக்கைப் பண்ணைக்காரர் எழுதி வைக்கிறார். தினமும் தன் மந்தையைப் பார்க்கும் அவர் கண்ணுக்கு ஒரு கன்று தள்ளாடினாலும் தெரிந்துவிடும்.

இதில் மனத்தை உறுத்தும் பகுதியும் இருக்கிறது. சோதனைக்கு ஆளான பன்றிகள் தாமாக முன்வந்தவை அல்ல. மருந்து கிடைப்பதற்கு முன்பு அவற்றில் பல விறைத்தும் கொதித்தும் மாண்டன. வாயில்லா ஜீவன்களை வதைத்து நாம் வாழ்வதா என்று கேட்பவர்களின் கேள்வியை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. தேவைக்கு மேல் ஒரு பிராணியைக்கூடப் பயன்படுத்தலாகாது, வலியைக் குறைக்க வேண்டும், வேறு வழி இருந்தால் அதையே நாடவேண்டும் என்ற விதிகள் அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தவைதான்.

வாசகர்கள் செய்ய வேண்டியது

இது மேல்நாட்டு வியாதி, நமக்கென்ன என்று இருந்துவிடக் கூடாது. நம் நாட்டு நோயாளிகளிடமும் டாக்டர்கள் இதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். பத்தாயிரம் முறை மயக்க மருந்து கொடுத்தால் ஒருமுறை என்பதிலிருந்து, இரண்டரை லட்சத்துக்கு ஒருமுறை என்பது வரை பலவிதக் கணக்குகள் சொல்லப்படுகின்றன. அபூர்வம்தான். ஆனால், வந்த குடும்பத்துக்கு அபூர்வம் என்பது ஆறுதல் ஆகுமா?

டான்ட்ரோலீன் நம் நாட்டில் நெடுங்காலம் எளிதில் கிடைக்காத மருந்தாகவே இருந்து வந்திருக்கிறது. பழைய முறைக் குப்பியில் இருப்பது 20 மில்லிகிராம்தான். 60 கிலோ எடையுள்ளவருக்கு முதல் தவணைக்கே 150 மில்லிகிராம் வேண்டும். அதாவது எட்டுக் குப்பிகளை உடைத்து, ஒவ்வொன்றையும் 60 மில்லி தண்ணீரில் கரைத்தாக வேண்டும். வியாதி கிளம்பிய பிறகு மருந்துக்கு ஆள் அனுப்பினால் நேரம் காத்திருக்காது. ஆகவே முன்கூட்டித் தெரிந்துகொள்வதே உத்தமம்.

ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து டாக்டர் உங்களைப் பார்க்க வருவார். அவரிடம் சொல்ல வேண்டியவற்றை வீட்டுப் பெரியவர்களிடம் முதலிலேயே விசாரித்து வையுங்கள். ரத்த உறவில் யாராவது ஆபரேஷன் மேஜையிலோ, முடிந்த உடனேயோ காரணம் தெரியாமல் இறந்ததுண்டா? மயக்க நிலையில் கடும் ஜுரமோ, தாடை அல்லது உடம்பு விறைப்போ கண்டதுண்டா? "விதி முடிந்தது" என்று சொல்லி மூடிவைத்த கதையாக இருந்தாலும் டாக்டரிடம் அதைத் திறந்து சொல்லுங்கள். முன்பு ஒருமுறை மயக்க மருந்து ஒத்துக்கொண்டது என்பதாலும் சும்மா இருந்துவிட வேண்டாம். பலமுறை தப்பித்தவருக்கு அடுத்த முறை இது வந்ததுண்டு.

சொல்லிவிட்டால் ஆபரேஷன் நின்றுவிடுமோ என்ற கவலை வேண்டாம். இவர்களுக்கு ஆபத்தானவை முகரக் கொடுக்கும் ஹாலோதேன் வகை மருந்துகளும் சக்ஸினில்கோலினும்தான். முதுகுத் தண்டில் போடும் ஊசி, இடத்தை மட்டும் மரக்கச் செய்யும் ஊசி, ரத்தத்தில் ஏற்றும் வேறு மயக்க மருந்துகள் என்று பத்திரமான வழிகள் பல உண்டு. முன்னமே தெரிந்திருந்தால் டாக்டர் அவற்றைத் தேர்ந்துகொள்வார். குடும்பத்தில் ஒருவருக்கு இந்தக் கோளாறு உறுதியானால், அவருடைய பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகள் எல்லாருக்கும் அந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும். எழுதியும் வைக்க வேண்டும்.